மிண்டனா, கோலாலம்பூரா?

ஆயிரத்து நூற்று நாற்பது வெள்ளி.

கேங்குப் பெட்டிக்கு அய்யாக்கண்ணு தர வேண்டிய கடன் அது. ஆறு வருஷமாக அந்தத் தொகை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பெட்டிக்கு வட்டி கிடையாது, அதனால் ஏறவில்லை. அய்யாக்கண்ணு கையில் மிச்சம் கிடையாது, அதனால் இறங்கவில்லை.

எழுபத்திரண்டில் கப்பலின் அடித்தளத்தில் அரிசி மூட்டை சரிந்து அவருடைய இடது காலை முறித்துப் போட்டதே, அப்போது வாங்கிய கடன். அவர் சேர்ந்து மூட்டை தூக்கும் பத்துப் பேர் கேங்குதான் மாதக்கணக்கில் அவர் வீட்டு அடுப்பை எரிய வைத்தது. ஒவ்வொரு சம்பள நாளிலும் எல்லோரும் போட்டு வைக்கும் பொதுப் பெட்டியிலிருந்து அள்ளிக் கொடுத்தது.

அதே சமயத்தில்தான் மூத்தவள் நவமணி பல்கலைக்கழகத்துக்கு முந்திய எச்.எஸ்.சி. பரீட்சையில் தேறினாள். அப்பாவின் காலில் மாவுக்கட்டு காய்வதற்குள் பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக் பெக்டரியில் சேர்ந்துவிட்டாள். பூதக்கண்ணாடியில் கண்ணைப் பதித்து, மயிரிழை போன்ற கம்பியை ஒட்டுகிற வேலை. பல்கலைக்கழகம் என்கிற வார்த்தையை அதற்குப் பிறகு அவள் தன்னைப் பற்றிப் பேசும்போது சொன்னதே இல்லை.

இப்போது இளையவள் தவமலர் தேறியிருக்கிறாள். அறிவியல் ஆசிரியர் படிப்புக்கு எழுதிப் போட வேண்டும். பக்கத்தில் இருக்கும் மிண்டனா, தூரத்துக் கோலாலம்பூரா, எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் எழுதுவது என்பதில்தான் வீடு இரண்டாகக் கிடக்கிறது. போன வாரம் ஓய்வுபெற்ற ரயில்வே ஆபீஸ் கிராணி சிவகுருநாதர் வந்து, "மிண்டன் நேற்றைக்கு முளைச்சது. பல்கலைக்கழகமெண்டால் அது கோலாலம்பூர்தான்" என்று காப்பி குடித்துவிட்டுப் போனார் அல்லவா? அவர் மகள் அருந்ததி அங்கே படித்துப் பட்டம் வாங்கியவள். அவர் கிளம்பிய நிமிஷத்திலிருந்து அய்யாக்கண்ணு பிடித்த பிடி விடவில்லை. தவமலர் வாயே திறக்கவில்லை. விண்ணப்பப் பாரத்தைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

இன்று சனிக்கிழமை.

*

இரவு ஷிப்டு முடிந்து வந்த நவமணி நேரே வீட்டுக்குப் போகவில்லை. சேமிப்புப் போட்டிருந்த சிம்பானான் பேங்கு திறக்கும்வரை எதிரே இருந்த சீனர் காப்பிக்கடைத் தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள். கதவு திறந்ததும் உள்ளே போய், கணக்கில் ஐந்து வெள்ளி மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் எடுத்தாள். ஆயிரத்து இருநூறு வெள்ளி. தங்கை கோலாலம்பூரில் தங்கிப் படிக்க அவள் சேர்த்த பணம்.

ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இன்று அப்பாவின் கேங்கு கலைகிறது. சரக்கெல்லாம் பெரிய பெரிய இரும்புப் பெட்டிகளில் அடைபட்டு அக்கரைக்குப் போய்விட்டது. இக்கரையில் மூட்டை தூக்க ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் பெட்டியைத் திறந்து பங்கு பிரிக்கிறார்கள். கடன்காரராக அப்பா நடுவில் உட்கார வேண்டும். யாராவது ஒரு வார்த்தை கூடக் குறைய சொல்லிவிட்டால் பணத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று ஒரு மனசு. போட்டுவிட்டால் தங்கையின் கோலாலம்பூர் போய்விடும் என்று இன்னொரு மனசு. இரண்டையும் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டு ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்தாள்.

அம்மா வள்ளியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உன் தங்கச்சி காலையிலயே மஞ்ச பஸ் ஏறிப் போயிட்டா. எங்கடின்னு கேட்டா, வந்து சொல்றேங்கறா. எல்லாம் நீ வளத்த வளப்பு."

"நான் வளத்தேனா?"

"பின்ன? நான் வளத்திருந்தா ரெண்டு சாத்து சாத்தி உக்கார வச்சிருப்பேன்ல."

உள்ளே அய்யாக்கண்ணு வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சட்டை கல்யாண வீட்டுக்கும் இழவு வீட்டுக்கும் மட்டும் வெளியே வரும்.

"பசியாறிட்டுப் படும்மா" என்றார் மகளைப் பார்த்து.

"நானும் வரேன்பா."

"நீ எதுக்கு? தண்டல் பாய் கிட்ட ஒரு வருஷம் தவணை கேக்கப் போறேன். பிள்ள கோலாலம்பூர் போகுதுன்னு சொன்னா கேங்கு பொறுத்துக்கும்."

"பொறுத்துக்கிட்டு?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அடுத்த வருஷம் எந்தக் கப்பல்ல மூட்ட தூக்கி அடைப்பீங்க? இங்க பக்கத்துல மிண்டன் இருக்கு. காலையில போனா சாயந்திரம் வீட்டுச் சோறு. கே.எல்.ல பொட்டப்புள்ள என்னத்த திங்குது, எங்க படுக்குதுன்னு நான் ராத்திரி முழுக்க மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்கணுமா?"

"சிவகுருநாதர் என்ன சொன்னாரு? கேட்டியா இல்லியா?"

"அவருக்குப் பென்சன் வருது, சொல்லுவாரு. உங்களுக்கு என்ன வருது? இருமல்தான் வருது."

அய்யாக்கண்ணு பொத்தானோடு மல்லுக்கட்டினார். மேல் பொத்தான் துளையில் சேரவில்லை. நவமணி போய்ப் போட்டுவிட்டாள். கழுத்துக்கருகே அவர் குரல் இறங்கி வந்தது.

"ஒருத்திய பெக்டரிக்கு அனுப்பிட்டேன் நவமணி. இன்னொருத்தியவாவது நாலு பேரு அண்ணாந்து பாக்கற எடத்துக்கு அனுப்பிர்றேன். துறைமுகம் முழுக்கச் சொல்லிட்டேன்."

அவளுக்கும் அதே ஆசைதான். தங்கை ரயிலேறிப் போவதை ஆறு வருஷமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த ரயில் புறப்பட்டால்தான் தான் அன்று ஏறாமல் நின்றதற்கு ஒரு பொருள் இருக்கும் என்று நினைப்பு.

"நாளைக்குப் புக்கிட் மெர்தாஜாம்காரங்க உன்னப் பொண்ணு பாக்க வராங்க" என்றாள் வள்ளியம்மா பின்னாலேயே வந்து. "கண்ணப் பாரு, குழி விழுந்து கெடக்கு. தூங்கினாத்தானே மூஞ்சி மூஞ்சியா இருக்கும்? அப்பன் பின்னாடி கொடை புடிக்கப் போறா."

நவமணி கைப்பையை இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

*

வெல்டு கீ கரையோரச் சந்தில் தண்டல் நூர் முகம்மதுவின் வீட்டுக் கீழறைதான் கேங்குக்கு ஆபீஸ், கோயில், கோர்ட்டு எல்லாம். கேங்குக்குத் தலைவர் அவர். கப்பல்காரனிடம் வேலை பேசுவதும் ஆளுக்குக் கூலி பிரிப்பதும் அவர் பொறுப்பு. மற்ற எட்டுப் பேரும் பாயில் சம்மணம் போட்டிருந்தார்கள். எல்லோருடைய தோளும் ஒரே பக்கம் சரிந்திருந்தது. முப்பது வருஷம் மூட்டை சுமந்தால் உடம்பே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

தண்டலின் மனைவி நூர்ஜான் தேநீர்த் தட்டோடு வந்தாள். "வாம்மா நவமணி. ஒரு பொம்பளையாவது வந்தியே. இதுகளுக்கு ஊத்தி ஊத்தி கேத்தல் ஓட்டையாயிருச்சு."

பெட்டி திறந்தது. முதலில் பணம் வெளியே வந்தது. டாலி வேலு எண்ணினான். கப்பலில் ஏறுகிற இறங்குகிற சரக்கைக் கணக்குப் பார்ப்பவன் என்பதால் அந்தப் பேர். இரண்டாயிரத்து நானூற்று அறுபது.

பணத்துக்கு அடியிலிருந்து நூர் முகம்மது ஒரு கயிற்றை எடுத்தார். நவமணி அதை இதற்கு முன் பார்த்ததில்லை. விரல் மொத்தத்தில் மணிலாக் கயிறு, அழுக்கேறிக் கறுத்திருந்தது. பெரிய முடிச்சு பதினொன்று, சின்ன முடிச்சு நாலு.

"எனக்கு எழுத்து தெரியாதும்மா" என்றார் அவர், அவள் பார்ப்பதைப் பார்த்து. "பெரிசு நூறு, சின்னது பத்து. கடன் வாங்குனவனே போடணும், அடைக்கும்போது அவனே அவுக்கணும். இது உங்கப்பன் போட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு."

கயிற்றைப் பெட்டியின் மேல் வைத்தார். அறையில் யாரும் அதை நேராகப் பார்க்கவில்லை.

அய்யாக்கண்ணு தொண்டையைச் செருமினார். "பாய், இப்ப முடியாது. சின்னவ கே.எல். போறா. பணம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அது அவ படிப்புக்கு. எனக்கு ஒரு வருஷம் குடுங்க."

"ரூலு தெரியுமில்ல? முடிச்சு இருக்கறவனுக்குப் பங்கு இல்ல."

"பங்கு வேணாம் பாய்."

வேலு விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். "அண்ணே, நீங்க அடைச்சா பொட்டி மூவாயிரத்து அறுநூறு. பத்துப் பேருக்கு ஆளுக்கு முன்னூத்தி அறுபது. அடைக்கலேன்னா ஒன்பது பேருக்கு இருநூத்தி எழுபத்திமூணு சொச்சம். நான் ஐஸ் கச்சாங் விக்கற வண்டிக்கு முன்பணம் குடுத்துட்டேன். மூணு சக்கரத்துல ரெண்டுதான் வரும்போல."

"ரெண்டு சக்கரத்துல ஓட்டு. சர்க்கஸ்னு நெனச்சுக் கூட்டம் வரும்" என்றாள் நூர்ஜான்.

சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. ஒருவர் மகன் கல்யாணத்தை நினைத்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கு மூன்று மாத வாடகை பாக்கி. நவமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கைப்பையின் ஜிப்பில் அவள் விரல் இருந்தது.

நூர் முகம்மது தாடியைத் தடவினார். "கே.எல்.தானே? நிச்சயம்தானே?"

"நிச்சயம் பாய்."

"வேலு, நீ ஏதோ டாலி எடுத்தேன்னியே, சொல்லு."

வேலு நிமிர்ந்து உட்கார்ந்தான். ஐஸ் வண்டி மறந்து போயிற்று. "எடுத்தேன் பாய். நம்ம துறைமுகத்துப் பிள்ளைங்க கே.எல்.ல ஏறுனது எட்டு. எறங்குனது ஆறு. மிண்டன்ல ஏறுனது அஞ்சு. எறங்குனது ரெண்டு."

"எறங்குனதுன்னா?"

"பட்டத்தோட வெளிய வந்தது. வீடு வீடாப் போய்ப் பாத்தேன். கறுப்பு அங்கி போட்டு, தொப்பி வச்சு, ஹால்ல போட்டோ மாட்டியிருக்காங்கல்ல? மாட்டியிருந்தா எறங்கிருச்சு. மாட்டலேன்னா கொறைச்சல். மிண்டன்ல அஞ்சுக்கு மூணு கொறைச்சல். இந்த மாதிரி ஒரு கப்பல் வந்தா நாம கையெழுத்தே போட மாட்டோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பாதிக்கு மேல் சரக்கு குறைந்த கப்பலை யார் மதிப்பார்கள்?

நூர் முகம்மது கையைத் தட்டினார். "அப்ப முடிவாயிருச்சு. பிள்ள கே.எல். போகட்டும். கடன் கெடக்கட்டும். நமக்குக் கொறைஞ்சாக் கொறையுது. எவனாச்சும் வேணாம்னு சொல்றீங்களா?"

ஒருவரும் சொல்லவில்லை. வேலு மட்டும், "ரெண்டு சக்கரமே போதும், பொலேலா" என்று முனகினான். அய்யாக்கண்ணுவின் கண் கலங்கிவிட்டது. நவமணி ஜிப்பிலிருந்து விரலை எடுத்தாள். அப்பா ஜெயித்துவிட்டார். தங்கை போகிறாள். ஆனாலும் பங்கில் குறைந்த அந்த எண்பத்தேழு வெள்ளியை ஆளுக்கு ஆள் விழுங்கிக்கொண்ட சத்தம் அவள் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

அப்போது வாசலில் செருப்பு கழற்றுகிற அவசரம் கேட்டது.

*

தவமலர் வியர்த்துப் போய் நின்றாள். வீட்டுக்குப் போய், அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அங்கிருந்து ஓடி வந்திருக்கிறாள்.

"எங்கடி போன?" என்றார் அய்யாக்கண்ணு.

"மிண்டனுக்குப்பா."

"எவன் போகச் சொன்னான்? இங்க கே.எல்.னு முடிவாயிருச்சு. கேங்கே சொல்லிருச்சு. வேலு மாமா டாலி எடுத்திருக்காரு. எட்டுக்கு ஆறு, அஞ்சுக்கு ரெண்டு."

ஒரு வாரமாக வாய் திறக்காத பெண் திறந்தாள்.

"எந்த ஆறு மாமா?"

வேலு பேர் பேராகச் சொன்னான். நாலாவது பேரில் தவமலர் சிரித்துவிட்டாள். "தேவராஜு அண்ணன் போட்டோ அவங்க வீட்லயும் இருக்கு, அவங்க தாய்மாமன் வீட்லயும் இருக்கு. நீங்க ரெண்டு ஆளா எண்ணிட்டீங்க."

"ரெண்டும் வேற வேற மூஞ்சியால்ல இருந்துச்சு!"

"ஒண்ணுல மீசை, மாமா. ஒண்ணுல மீசை இல்ல."

நூர்ஜான் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 

"சரி, அஞ்சே வச்சுக்க" என்றான் வேலு விடாமல். "எட்டுக்கு அஞ்சு. மிண்டன் அப்பவும் கொறைச்சல்தானே?"

"நீங்க கொறைச்சல்னு சொன்ன அந்த மூணு பேரும் இன்னிக்குக் காலையில என் கூடத்தான் கேண்டீன்ல மீ சாப்பிட்டுப் பசியாறினாங்க. ரெண்டு பேரு கடைசி வருஷம். ஒருத்தரு படிக்கறது நாலு வருஷப் படிப்பு. கப்பல் இன்னும் நடுக்கடல்ல வந்துக்கிட்டு இருக்கு மாமா. நீங்க அதுக்குள்ள கரையில நின்னு சரக்குக் கொறையுதுன்னு எழுதிட்டீங்களே!"

பாயில் ஒரு சலசலப்பு. துறைமுகத்தில் இதைவிடப் பெரிய அவமானம் டாலிக்காரனுக்குக் கிடையாது. வேலு காதைச் சொறிந்தான்.

"நான் கே.எல். மோசம்னு சொல்ல வரல" என்றாள் தவமலர். உட்காரவே இல்லை அவள். "அருந்ததி அக்கா படிச்சாங்க, நல்லாத்தான் இருக்காங்க. மிண்டன்ல முடிச்ச அந்த ரெண்டு பேரும் வாத்தியாராத்தான் இருக்காங்க. ரெண்டு எடத்துப் பட்டத்துக்கும் கவர்மெண்டுல ஒரே சம்பளம். பீஸும் ஏறக்குறைய ஒண்ணுதான். வித்தியாசம் தங்கறதுலயும் திங்கறதுலயும்தான். அங்க ஹாஸ்டலு, சாப்பாடு, லீவுக்கு ரயிலு. இங்க மஞ்ச பஸ்ஸும் அம்மா சோறும்."

"சோறு நான் போடறேன், நீ கவலப்படாத" என்றார் அய்யாக்கண்ணு எரிச்சலாக. "சோத்துக்குப் பயந்து சின்ன எடத்துக்குப் போறதா?"

"அதுக்கு மட்டும் இல்லப்பா. போன வருஷம் எங்க ஸ்கூல்ல என் மார்க்கு வாங்கின ரெண்டு பேரு கே.எல். முதல்ல எழுதிட்டு, எங்கயும் கெடைக்காம வீட்ல இருக்காங்க. என் மார்க்குக்கு அங்க இழுபறி. மிண்டன முதல்ல எழுதுனா நல்ல வாய்ப்பு இருக்குன்னு அங்கயே கேட்டுக்கிட்டு வந்தேன்."

ஆறு வருஷ ரயில் நவமணியின் கண் முன்னால் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"மலரு, நீ எனக்காகப் பாத்துத்தானே இப்படிப் பேசற?" என்றாள். "பணம் என்கிட்ட இருக்குடி. உன்ன நான் அனுப்ப மாட்டேனா?"

"உனக்காகப் பாத்துத்தான் பேசறேன்" என்றாள் தங்கை.

அவள் அக்காவின் எதிரே வந்து பாயில் மண்டியிட்டாள்.

"உன் எச்.எஸ்.சி. ரிசல்ட்ட எடுத்துக்கிட்டுப் போனேன்க்கா. உன் துணிப் பெட்டியத் திறந்தேன். அடிக்கறதுன்னா அப்பறம் அடி. மிண்டன்ல வேலை செய்யறவங்களுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு. வேலைய விட வேணாம். பாடம் தபால்ல வரும். வருஷத்துல சில வாரம் லீவு போட்டு அங்க போய் உக்காரணும், கடைசியில ஒரு வருஷம் உள்ளயே இருந்து முடிக்கணும். கே.எல்.ல இப்படி ஒண்ணு இல்ல."

"ஆறு வருஷமாச்சுடி" என்றாள் நவமணி. "அது செத்த சர்ட்டிபிகேட்டு."

"நானும் அப்படித்தான் கேட்டேன். அந்த ஆபீஸ் அம்மா சிரிக்கறாங்க. இது என்ன மீனா, நாளானா கெட்டுப் போறதுக்குன்னாங்க. உன் மார்க்கப் பாத்துட்டு, இவங்க ஏன் இன்னும் வரலன்னு கேட்டாங்கக்கா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

யாரோ தேநீர்க் கிளாசை மெல்லக் கீழே வைத்தார்கள்.

நவமணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார் இவளைத் திறக்கச் சொன்னது? ஆறு வருஷமாகப் பூட்டி, மேலே புடவைகளை அடுக்கி, இனி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பழகி, அதையே பெருமையாகவும் ஆக்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தாளே! கெட்டுப் போகவில்லையாம். அப்படியென்றால் போன வருஷம் போயிருக்கலாம். அதற்கு முந்தின வருஷமும் போயிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பெக்டரிக்குப் போகிற பஸ் தினமும் மிண்டன் வாசலைத் தாண்டித்தான் போகிறது. அந்தப் பக்கம் வரும்போது அவள் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி உட்கார்ந்துகொள்வாள்.

"எனக்கு வயசு இருபத்தஞ்சு" என்றாள்.

"இருபத்தொண்ணுக்கு மேல இருக்கணுமாம். நீ கரெக்டு."

"ராத்திரி ஷிப்டுடி."

"நான் பாடத்தப் படிச்சுச் சொல்றேன். நீ தூங்காம கேளு."

"நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்களே, அவங்ககிட்ட என்ன சொல்லுவே?" என்று நூர்ஜான் குறுக்கே கேட்டாள்.

நாளைய பாடு நாளைக்கு.

அய்யாக்கண்ணு எழுந்தார். முறிந்து கூடிய கால் ஒத்துழைக்காமல், சுவரைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. நவமணி முன்னால் வந்து நின்றார். துறைமுகம் முழுக்கச் சொன்ன வாய் இப்போது ஒரு வார்த்தைக்குத் தடவியது.

"ஏம்மா" என்றார். "நீ படிப்பியா?"

அந்தக் கேள்வியை அவர் ஆறு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்தார் என்பது நவமணிக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்க பயம். படிப்பேன் என்று அவள் சொல்லிவிட்டால் கொடுக்க அவர் கையில் ஒன்றும் இல்லை என்கிற பயம். அதனால்தான் சின்னவளுக்குப் பெரிய ரயிலாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"படிப்பேன்பா."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரிந்தது. வெளியே சந்தில் போன சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான்.

"அட்ரா சக்க!" என்றான் வேலு. "ஒருத்தி கே.எல். போற காசுல ரெண்டு பேரு மிண்டன். பாய், டாலிய மாத்திக்கங்க. மிண்டன்ல ஏறுனது ஏழு!"

"நீ வாய மூடு. உன் கணக்கு சந்தி சிரிச்சது போதும்" என்று நூர் முகம்மது அதட்டினார். அதட்டும்போதே பல் தெரிந்தது.

நவமணி கைப்பையைத் திறந்தாள். இப்போது ஒரே மனசுதான் இருந்தது. நோட்டுக் கட்டைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"ஆயிரத்து இருநூறு இருக்கு மாமா. கடன் போக மிச்சம் அறுபதக் குடுங்க. அதுக்கப்பறம் அப்பா பங்கையும் குடுங்க. முன்னூத்தி அறுபது. மலருக்கு எடம் கெடச்சதும் மொத பீஸ் கட்ட அது ஆகும்."

"தவணைன்னு இப்பத்தானே ஒத்துக்கிட்டோம்" என்றார் நூர் முகம்மது. "அவசரமில்லம்மா. கேங்கு சொன்னா சொன்னதுதான்."

"கேங்கு அப்படி மனசு வச்சுச் சொன்னதுக்குத்தான் மாமா குடுக்கறேன். வேலு மாமா மூணு சக்கரத்துலயே ஓட்டட்டும்."

வேலு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எண்ணுவதற்கு நோட்டை எடுத்தவன் இரண்டு தடவை தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினான். சரியாக இருந்தது.

நூர் முகம்மது கயிற்றை எடுத்து அய்யாக்கண்ணுவின் கையில் கொடுத்தார். சின்ன முடிச்சு நாலும் சொன்ன பேச்சைக் கேட்டன. பெரிய முடிச்சுகள் கேட்கவில்லை. ஆறு வருஷக் கடல் காற்றில் இறுகி எலும்பாகிக் கிடந்தன. மூட்டைக் கொக்கியின் முனையைக் கொடுத்து நெம்பினார். ஒன்று விட்டது. இரண்டு விட்டது. உள்ளங்கை சிவந்து, நெற்றியிலிருந்து வெள்ளைச் சட்டைக் காலரில் வியர்வை இறங்கியது. பத்தும் போய்க் கடைசி ஒன்று அசையவே மாட்டேன் என்றது.

"மொத போட்ட முடிச்சு அதுதான். கத்தி தரேன், அறுத்துரு" என்றார் நூர் முகம்மது. "யாரு கேக்கப் போறா?"

"அறுக்கக் கூடாது பாய்" என்றார் அய்யாக்கண்ணு.

நவமணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மயிரிழைக் கம்பியைத் தினமும் பிடித்துப் பழகிய விரல்கள் அவளுடையவை. முடிச்சின் வயிற்றில் ஒரு இழையை நகத்தால் தேடிப் பிடித்து, "இங்க குத்துங்கப்பா" என்றாள். அவர் கொக்கியை அங்கே செருகினார். இந்தப் பக்கம் தவமலர் நுனியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

முடிச்சு இளகியது.

அய்யாக்கண்ணு கயிற்றை இரண்டு கையாலும் விரித்து, தலைக்கு மேல் தூக்கி, ஒன்பது பேருக்கும் காட்டினார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அது வெறும் கயிறாக இருந்தது.